வாலடியில் ஒரு கறுப்புப் புள்ளி

ஓட்டமாவடி ஸஹீதாவுக்கு நீந்தத் தெரியாது. அவள் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் முப்பது வயதுவரை அவள் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. மீனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சட்டிக்கு வருகிற மீன்தான். எதைப் பொரிக்கலாம், எதைப் புளி விட்டு ஆணம் காய்ச்சலாம், எதில் முள் அதிகம் என்று சொல்வாள். கணவன் முனாப் மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பொலன்னறுவை வீதியில் மீன் விற்பவன். அவனுக்கும் இருபது, இருபத்தைந்து மீன்களுக்கு மேல் பெயர் தெரியாது. விலைப்படாத மீனுக்குப் பெயர் எதற்கு என்பது அவன் கட்சி.

2009ஆம் ஆண்டு ஸஹீதா ஜித்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது மகள் பஸ்னாவுக்கு ஐந்து வயது. கட்டத் தொடங்கிய வீடு சுவர் எழும்பிக் கூரை இல்லாமல் மூன்று மாரியைக் கண்டிருந்தது. பஸ்னாவை முனாபின் தங்கை றஸீனா பார்த்துக்கொள்வதென்று பேசி முடித்தார்கள். இரண்டு வருடம் என்று போனவள் எட்டு வருடம் இருந்தாள். இடையில் ஒரு முறைதான் வந்து போனாள்.

ஜித்தாவில் அவள் வேலை செய்த வீட்டுக்காரர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியியலாளர். வரவேற்பறையில் எட்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. உப்புநீர், உயிருள்ள முருகைக்கல் என்னும் பவளப்பாறை, அதற்குள் நுழைந்து வெளிவரும் முப்பது, நாற்பது மீன்கள். தொட்டியைப் பார்த்துவந்த மூத்த மகன் படிக்க வெளிநாடு போனதும் அது ஸஹீதாவின் வேலைகளில் ஒன்றாயிற்று. கண்ணாடியைத் துடைக்க வேண்டும், உப்பை அளக்க வேண்டும், தீனி போட வேண்டும். தொட்டிக்குப் பக்கத்துத் தட்டில் ஒரு புத்தகம் கிடந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது, தடித்தது, ஈரம் பட்டாலும் ஊறாத அட்டை. செங்கடலின் முருகைக்கல் மீன்களை அடையாளம் காண்பதற்கான ஆங்கிலக் கையேடு அது.

ஸஹீதா எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிப்பாள், பொருள் பிடிபடாது. ஆனால் அந்தப் புத்தகத்துக்கு வாசிப்பு அதிகம் தேவைப்படவில்லை. முன்னட்டையின் உட்பக்கத்தில் மீன்களின் உருவங்கள் நிழல்போலக் கறுப்பாக அச்சிடப்பட்டிருந்தன. தட்டுப்போல வட்டமான ஒன்று, பாம்புபோல நீண்ட ஒன்று, பெட்டிபோலச் சதுரமான ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் பக்க எண். முதலில் உருவத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கங்களுக்குப் போய், வால் பிளந்திருக்கிறதா, கண்ணுக்குக் குறுக்கே பட்டி ஓடுகிறதா, செட்டையின் ஓரம் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். இந்த ஒழுங்கை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மத்தியானம் வீட்டார் உறங்கும் நேரத்தில் தொட்டியின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தானே கண்டுபிடித்தாள். ஒரு வருடத்தில் தொட்டியிலிருந்த எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் சொன்னாள். பிறகு தொட்டியில் இல்லாதவற்றையும் பார்க்கத் தொடங்கினாள்.

ஒருநாள் தொட்டிமீன் விற்கும் கடைக்காரன் கொண்டுவந்த மீன்களில் விரல் நீளத்தில் புள்ளி போட்ட ஒன்று இருந்தது. வளராத சாதி என்று சொல்லித்தான் விற்றான். ஸஹீதா புத்தகத்தை விரித்து வீட்டுக்காரரிடம் காட்டினாள். இது கலவாய்க் குஞ்சு, முழங்கை அளவுக்கு வரும், மற்றதையெல்லாம் தின்னும் என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னாள். அவர் சிரித்தார். மூன்று வாரத்தில் சின்ன மீன்கள் நான்கைக் காணவில்லை. அதற்குப் பிறகு கடைக்காரன் வந்தால் அவர் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார். அவள் ஊருக்குத் திரும்பியபோது அவர் புத்தகத்தின் முதற்பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு, விமான நிலையத்தில் யாரும் கேட்டால் காட்டு என்று கொடுத்தார்.

2017இல் வந்து சேர்ந்தபோது வீட்டுக்குக் கூரை இருந்தது. பஸ்னாவுக்குப் பதின்மூன்று வயது. எது வேண்டுமென்றாலும் அவள் மாமி றஸீனாவிடம்தான் போய்க் கேட்டாள். ஸஹீதா அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். காலையில் முனாபின் பெட்டியைக் கழுவும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். பெட்டியின் அடியில் விற்காத மீன்கள் கிடக்கும். ஆழ்கடல் படகுகளில் வருகிறவை அல்ல. கரையோர முருகைக்கல்லில் வலை போட்டவர்களிடம் முனாப் மொத்தமாக வாங்கும் கூறில் கலந்து வருகிறவை. மஞ்சள், நீலம், வரி, புள்ளி என்று விதவிதமாக இருக்கும்.

“இது ஒருத்தரும் வாங்காத சாமான், கருவாட்டுக்கும் உதவாது, பூனைக்குப் போடு” என்றான் முனாப்.

அவள் பூனைக்குப் போடவில்லை. ஒரு பீங்கானில் வைத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டுப்போல வட்டம்; மஞ்சள் உடல்; கண்ணில் கறுப்புப் பட்டி, அதையொட்டி வெள்ளை; சரிவாக ஓடும் கோடுகள். வண்ணாத்தி மீன்களின் பக்கங்களில் ஆறாவது படம். பக்கத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோசத்தை முனாப் பல வருடங்களுக்குப் பிறகும் சொல்லிச் சிரிப்பான். வெளிநாட்டில் கூட இருந்து வேலை செய்த ஆளை ஓட்டமாவடிக் கடைத்தெருவில் கண்டதுபோல நின்றாளாம்.

அதன்பிறகு அவன் அப்படியான மீன்களைத் தனியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தான். ஸஹீதா ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்தாள். ஐந்தாறு வருடம் இப்படியே போனது. அவளுடைய அறிவால் யாருக்கும் ஒரு பயனும் இருக்கவில்லை, கெடுதலும் இருக்கவில்லை.

2023இல் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கணக்கெடுப்பு வந்தது. கல்லில் பிடிபடும் மீன்கள் எவை, எந்த மாதத்தில் எவ்வளவு என்று பதிய வேண்டும். பொறுப்பாக வந்தவள் விதுர்ஷா. மட்டக்களப்பு நகரத்துப் பிள்ளை, ஆய்வு உதவியாளர், இருபத்தேழு வயது. துறைமுகத்தில் அவள் ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாணவர்களோடு வாதாடிக்கொண்டிருந்தபோது முனாப் பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.

“மிஸ், ஏன் மினக்கெடுறீங்க? என்ட பொஞ்சாதிட்டக் கேளுங்க. இங்கிலீசுப் பேரே சொல்லுவா.”

விதுர்ஷா அதைப் பகிடி என்றுதான் நினைத்தாள். ஆனாலும் மறுநாள் வீட்டுக்கு வந்தாள். தன்னிடமிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஸஹீதா தேத்தண்ணி ஊற்றியபடியே சொல்லிக்கொண்டு போனாள். இருபது படங்களில் ஒன்றுக்குக்கூட அவள் தயங்கவில்லை. உச்சரிப்பு வேறாக இருந்தது, பெயர்கள் சரியாக இருந்தன. விதுர்ஷா மாணவர்களை மட்டக்களப்புக்கு அனுப்பிவிட்டு, கிழமையில் நான்கு காலை துறைமுகத்தில் பதிவெடுக்கும் வேலையை ஸஹீதாவுக்குக் கொடுத்தாள்.

வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, அடிமட்டம், போன், படிவம். மீனைப் பலகையில் வைத்து அளந்து, படமெடுத்து, பெயரை எழுத வேண்டும். அபாயாவின் கையை மடித்துவிட்டு ஈரத் தரையில் குந்தியிருக்கும் அவளை முதல் மாதம் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் மாதம் “புத்தகக்காரி” என்றார்கள். மூன்றாம் மாதம் வலையில் புதிதாக ஏதாவது சிக்கினால் பேசாமல் அவளுடைய பலகையில் வைத்துவிட்டுப் போனார்கள். பெயர் கேட்டால் உடனே சொல்லுவாள். சொல்லும்போது குரலில் ஒரு கண்டிப்பு இருக்கும். அதுவரை அவள் வாழ்க்கையில் எதையும் அப்படிக் கண்டித்துச் சொன்னதில்லை.

எட்டு மாதம் கழிந்து, 2024 மாசியில், பட்டியல் கொழும்புக்குப் போனது. அங்கே மீன்களைப் பற்றி நிறையப் படித்த ஒருவர் அதைப் பார்த்தார். அடுத்த கிழமை விதுர்ஷா படிவக் கட்டோடு ஓட்டமாவடிக்கு வந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.

“அக்கா, ஒம்பது மீன் பிழை. இலங்கைக் கடல்லயே இல்லாத மீன்களாம்.”

“ஆரு சொன்ன?”

“கொழும்பில இருக்கிற சேர்.”

“அவர் வாழைச்சேனைக்கு வந்தவரா? நான் கையால தூக்கி, அடிமட்டம் வெச்சு அளந்த மீன் இல்லையெண்டு எப்படிச் சொல்ற?”

“மீன் இல்லையெண்டு சொல்லல்ல. பேர் பிழையெண்டுதான் சொல்றார்.” விதுர்ஷா படிவங்களைப் புரட்டினாள். “நீங்க எந்தப் புத்தகத்தில பாக்கிறீங்க அக்கா?”

எட்டு மாதமாக அவள் இதைக் கேட்டிருக்கவில்லை. ஸஹீதா துறைமுகத்துக்குப் புத்தகத்தைக் கொண்டு போனதுமில்லை. அவளுக்கு அது மனப்பாடம். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். விதுர்ஷா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது செங்கடலுக்குரிய புத்தகம்.”

“தெரியும். மூஸா நபி கடந்த கடல். அதுக்கென்ன? கடலெல்லாம் ஒண்டோட ஒண்டு தொடுப்புத்தானே மிஸ். மீன் பாஸ்போட் எடுத்துத்தான் வரணுமா?”

“கனக்க மீன் ரெண்டு கடல்லயும் இருக்கு. அதாலதான் நீங்க சொன்னதில முக்கால்வாசிக்கு மேல சரி. ஆனா கொஞ்ச மீன் அங்க மட்டும்தான் இருக்கு. இங்க அதைப்போலவே வேறொண்டு இருக்கும், ஒரே குடும்பம்தான். ஆள் வேற.”

விதுர்ஷா போனை எடுத்து ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். ஸஹீதா எடுத்த படம்தான். கண்ணில் கறுப்புப் பட்டி போட்ட அந்த மஞ்சள் வண்ணாத்தி மீன்.

“வாலடியப் பாருங்க.”

உடல் முடிந்து வால் தொடங்குகிற இடத்தில் கறுப்பாக ஒரு பெரிய புள்ளி இருந்தது.

“இப்ப உங்கட புத்தகத்தில பாருங்க.”

புத்தகத்து மீனின் வாலடி வெறும் மஞ்சள். ஸஹீதா போனையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மற்ற எல்லாம் ஒன்றாகவே இருந்தன.

“இத நான் ஒவ்வொரு தரமும் கண்டன்” என்றாள். “வலையில அடிபட்டுக் கறுத்த இடமெண்டு நினைச்சன். படத்தில இல்லத்தானே.”

விதுர்ஷாவுக்கு அன்று கோபமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. மாதாமாதம் படிவங்களின் கீழே கையொப்பம் வைத்தவள் அவள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கப்பட்டவளும் அவள்தான். ஆனாலும் அதை அங்கே காட்டவில்லை. “நானும் பாக்காமத்தான் சைன் வெச்சன். பிழை எனக்கும் இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

ஸஹீதா எழுந்து போய்ப் பலகையையும் அடிமட்டத்தையும் கொண்டுவந்து தான் உட்கார்ந்திருந்த கதிரையில் வைத்தாள்.

“படிச்ச ஆளாப் பாருங்க மிஸ்.”

விதுர்ஷா அவற்றை எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போனாள். போகும்போது தன்னுடைய பையிலிருந்த வேறொரு கையேட்டை, இந்தக் கடலுக்குரியதை, அதே கதிரையில் விட்டுவிட்டுப் போனாள்.

மூன்று கிழமை ஸஹீதா துறைமுகத்துக்குப் போகவில்லை. பழைய புத்தகத்தை அலுமாரியில் சாறிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். முனாப் வழக்கம்போலப் பையில் மீன் கொண்டுவந்தான். அவள் மீனைப் பார்க்காமலே வெளியே கொட்டினாள். ஒருநாள், “எல்லாருக்கும் பிழை வாறதானே. நான் கொடுவா எண்டு சொல்லி வேற மீன் வித்திருக்கன்” என்றான். “அது நீங்க தெரிஞ்சு செஞ்ச. நான் தெரியாம செஞ்ச” என்றாள் அவள்.

அவளை வருத்தியது ஒன்பது பிழை அல்ல. இதைப் பிறகு அவளே விதுர்ஷாவிடம் சொன்னாள். ஒன்பது பிழை என்றால், மற்றவை சரி என்பதற்கு என்ன சாட்சி? பெயர் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அடித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் அதை வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள். இது அவளை நெருடிக்கொண்டே இருந்தது.

நோன்பு தொடங்கிய நான்காம் நாள், மத்தியான ளுஹர் தொழுகையைத் தொழுதுவிட்டு, அவள் கதிரையிலிருந்த கையேட்டை எடுத்தாள். போனில் ஆயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. முதலாம் படத்திலிருந்து தொடங்கினாள். இந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு மீனுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வரைபடம் இருந்தது. அந்த மீன் எந்தக் கடலில் உண்டோ அந்த இடத்துக்கு நிறம் பூசியிருந்தது. பழைய புத்தகத்தில் அது இருந்ததா என்று ஐயம் வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தாள். வரைபடம் இல்லை; ஒவ்வொரு மீனின் கீழும் இரண்டு வரி எழுத்து இருந்தது. அதை அவள் ஒருநாளும் வாசித்ததில்லை.

அப்போது பஸ்னாவுக்கு இருபது வயது. பள்ளியில் உயர்தரப் படிப்பு முடித்துவிட்டு ஆங்கில வகுப்புக்குப் போய்வந்தாள். உம்மா எழுத்துக் கூட்டித் திண்டாடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வாசித்துப் பொருள் சொல்ல, ஸஹீதா படத்தை உருப்பெருக்கிப் பார்த்தாள். நோன்பு மாதம் முழுவதும் மத்தியானங்களில் அப்படியே போனது. ஜித்தாவில் கழிந்த எட்டு வருடத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. செட்டையில் எத்தனை முள், செதிள் பெரிதா சிறிதா என்பதைத்தான் பேசினார்கள். சில நாட்களில் இஃப்தாருக்கு அடுப்பு மூட்ட நேரம் பிந்தி, றஸீனா வீட்டிலிருந்து கஞ்சி வந்தது.

பெருநாள் முடிந்து ஸஹீதா தானே மட்டக்களப்புக்கு பஸ் ஏறிப் போனாள். விதுர்ஷாவின் மேசையில் படிவங்களை வைத்தாள். அறுபத்தொரு இடத்தில் சிவப்புப் பேனையால் திருத்தம். கொழும்பில் சொன்ன ஒன்பது மீன்களும் அதில் இருந்தன. அவர்கள் கண்டுபிடிக்காத வேறு நான்கும் இருந்தன.

“இந்த நாலையும் ஒருத்தரும் கேக்கல்லையே அக்கா” என்றாள் விதுர்ஷா.

“அவங்க கேக்கல்ல. பிழை பிழைதானே.”

விதுர்ஷா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். நான்கும் பிழைதான். அன்றைக்குத்தான் அவள் தன்னுடைய தலைவருக்கு எழுதி, ஸஹீதா வேலையில் தொடர்வதற்கு அனுமதி வாங்கினாள்.

அந்த ஆனி மாதத்தில் கடல் தட்டையாகக் கிடந்தது. பாசிக்குடாவில் நீருக்கடியில் மீன் எண்ண விதுர்ஷா போனபோது ஸஹீதாவையும் கூப்பிட்டாள். ஸஹீதா மாட்டேன் என்று சொல்லிப் பிறகு வந்தாள். கடலில் இறங்குவதற்கென்று ஒன்றும் அவளிடம் இல்லை. பஸ்னாவின் பழைய விளையாட்டுக் காற்சட்டை, முழங்கால்வரை சட்டை, இறுக்கிக் கட்டிய ஸ்காஃப். காலை ஆறரை மணி. ஹோட்டல்காரர்கள் இன்னும் கரைக்கு வரவில்லை. அங்கே வெகுதூரம் இடுப்பளவு நீர்தான். முகக்கண்ணாடியை மாட்டி, மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு, விதுர்ஷாவின் கையைப் பிடித்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

முதல் இரண்டு தரமும் உப்புத்தண்ணி குடித்து இருமினாள். மூன்றாம் தரம் பார்க்க முடிந்தது. செத்து வெளிறிய முருகைக்கல், அதற்குமேல் பாசி, இடையிடையே உயிருள்ள கல். மீன்கள் இருந்தன. ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. ஜித்தாத் தொட்டியில் மீன் எங்கே போனாலும் கண்ணாடியில் திரும்பி வரும். பலகையில் மீன் கிடக்கும். இங்கே வாலைக் காட்டிவிட்டு மறைந்தன. முகத்துக்கு நேராக வந்தால் உருவமே தெரியவில்லை. கோடு கிழித்ததுபோல இருந்தன. நாற்பது நிமிடத்தில் விதுர்ஷா பலகையில் இருபத்திரண்டு வகை எழுதினாள். ஸஹீதா ஆறு வகை சொன்னாள்.

“பயந்தீங்களா அக்கா?” என்று கரையில் விதுர்ஷா கேட்டாள்.

“பயமில்ல. சத்தமொண்டு கேட்டதே, எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி. அது என்ன?”

“கல்லுக்குள்ள இருக்கிற இறால். கிளிமீன் கல்லக் கடிக்கிற சத்தமும் இருக்கும்.”

“புத்தகத்தில சத்தம் போடல்ல” என்றாள் ஸஹீதா. சட்டையைப் பிழிந்துகொண்டு, இன்னொரு தரம் இறங்கலாமா என்று கேட்டாள்.

கணக்கெடுப்பு 2025இல் முடிந்தது. துறைமுகத்துச் சுவரில் தொங்கவிட ஒரு பிளாஸ்டிக் அட்டை அச்சடித்தார்கள்; அறுபது மீன்கள், ஆங்கிலப் பெயரோடு இந்தக் கரையில் வழங்கும் தமிழ்ப் பெயர்களும். கீழே நன்றி சொன்ன இடத்தில் அவள் பெயர் சஹிதா என்று இருந்தது. முனாப் அதைத் திருத்தச் சொல்லிச் சண்டை பிடித்தான். அவள் விட்டுவிடச் சொன்னாள். பஸ்னா கல்யாணம் முடித்து ஏறாவூருக்குப் போய்விட்டாள். கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பாள். இப்போது விதுர்ஷாவிடம் வேறொரு வேலைத்திட்டம் இருக்கிறது. அதில் ஸஹீதாவுக்குக் கிழமைக்கு இரண்டு காலை மட்டும்தான் வேலை.

போன கிழமை கல்குடாவைச் சேர்ந்த வினாயகமூர்த்தி என்பவர் ஒரு மீனைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். சாம்பல் நிறம், தடித்த உதடு, உடம்பெல்லாம் மங்கலான கோடு.

“இது என்ன மீன் தங்கச்சி?”

“இப்பச் சொல்ல ஏலா.”

“புத்தகக்காரிக்கே தெரியாதா?”

“தெரியா. வெச்சிட்டுப் போங்க, பாப்பம்.”

அவர் சிரித்துக்கொண்டு கை கழுவப் போனார். ஸஹீதா மீனைத் திருப்பி மறுபக்கத்தையும் படமெடுத்தாள். பிறகு முதுகுச் செட்டையை விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டு முட்களை எண்ணத் தொடங்கினாள்.